வீட்டுப் பேச்சு

காலை பத்து நாற்பதுக்கு வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வந்த ஜீப்பில் முதலில் தெரிந்தது, முன்கண்ணாடிக்குள் சாத்தி வைத்திருந்த கறுப்புக் குடை. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, பன்னிரண்டு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்புக்குக் கோட்டாட்சியர் வருவது அதுவே முதல் தடவை. அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். பழங்குடி ஒதுக்கீட்டில் நர்சிங் சேர, நாங்கள் காட்டுநாயக்கர் என்று அவர் சான்றிதழ் தர வேண்டும். அடுத்த வாரம் கலந்தாய்வு.

அம்மா விடியும் முன்பே வீட்டைக் கழுவி, தீபாவளிக்கு எடுத்த கவுனை எனக்கு மாட்டிவிட்டிருந்தாள். அதிகாரியின் கண்ணில் முதலில் பட்டதும் அந்தச் சுத்தம்தான்.

“டிவி இருக்கு, ஃபேன் ஓடுது. காட்டுநாயக்கன்னா காட்டுல இல்ல இருக்கணும்?”

“தஞ்சாவூர்ல ஏதுங்கய்யா காடு? எல்லாம் வயலு,” என்றார் அப்பா. “வயல்ல எலிக்குக் கிட்டி வச்சுத்தான் பொழைக்கிறோம்.”

“கிட்டி யார் வேணாலும் வைப்பான். உங்க பாஷையப் பேசிக் காட்டு.”

அப்பா பேசினார். தெலுங்கு போலக் கேட்கும், தெலுங்கு அல்லாத பேச்சு. கூட வந்த கிராம நிர்வாக அலுவலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“பெரியவங்க மனப்பாடம் பண்ணி வச்சிருப்பீங்க. பிள்ளை பொய் சொல்லாது,” என்று அதிகாரி என் பக்கம் திரும்பினார். எனக்கு எட்டு வயது.

“பாப்பா, வீட்ல தண்ணிய என்னன்னு சொல்லுவீங்க?”

வெளியாட்கள் முன்னால் வீட்டுப் பேச்சு வாயில் வரக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அந்தப் பேச்சுக்காகவே பள்ளியில் அக்காவின் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். எனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாதென்று, ஒருமுறை பஸ்ஸில் தவறிப் பேசியபோது அவர் என் உதட்டைக் கிள்ளியிருக்கிறார்.

கையைக் கட்டிக்கொண்டேன். “தண்ணி சார்.”

“சோத்த?”

“சோறு சார்.”

“நம்ம பேச்சுல சொல்லும்மா...” என்று அப்பா குறுக்கே வந்தார்.

“நீ எடுத்துக் குடுக்காத,” என்ற அதிகாரி இரண்டு வரி எழுதிக் கோப்பை மூடினார்.

ஜீப் போனதும், அவருக்காக இரவல் வாங்கியிருந்த நாற்காலியை அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு சொல்கூடப் பிசகாமல் பதில் சொன்னேனே, அக்கா ஏன் மெச்சவில்லை என்று எனக்குக் கோபம். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

கலந்தாய்வு நடந்த நாளில் அக்கா பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள்.