காசம்மாள் கழுவிய கொட்டகை

கதவைத் திறந்ததுமே காசம்மாளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. புதுச்சேரியை அடுத்த வில்லியனூரின் சினிமா கொட்டகை அது. பிரெஞ்சுக்காரர்கள் போகிற வருடம் எல்லையில் கெடுபிடி முற்றி, படப்பெட்டி வருவது நின்றுபோனதால் மூடிவிட்டார்கள். அதன்பிறகு நல்லவாடு கடற்கரையிலிருந்து வந்த கருவாட்டு மூட்டைகளை அங்கே அடுக்கிவைத்தார்கள். நாலு வருடம் கழித்து நெல் வியாபாரி மணவாளன் அதை வாங்கி, சுத்தம் செய்யச் சேரியிலிருந்து காசம்மாளை வரவழைத்தார்.

இருபத்திரண்டு நாள் அதற்குள் கிடந்தாள். வௌவால் எச்சத்தை மண்வெட்டியால் சுரண்டினாள். பெஞ்சுகளுக்கு அடியில் செத்து அழுகிய பெருச்சாளிகளை முறத்தில் வாரினாள். மேனேஜர் நடேசன் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வாசலோடு நின்றுவிடுவார். இவளுக்கோ ராத்திரி சோறு இறங்காது. புருஷன் அய்யனார், அவள்மீது வாடை அடிக்கிறதென்று தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டான்.

சுண்ணாம்பு அடித்து, புதுத்திரை கட்டி, ஒரு பக்கம் மூங்கில் தட்டி மறைத்து, கொட்டகை திறந்த அன்று காசம்மாள் துவைத்த சேலை கட்டிக்கொண்டு பெஞ்சு டிக்கெட் வாங்கினாள். அதுவரை ஒரு படமும் பார்த்ததில்லை. உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த அம்மாள் எழுந்து நின்றுகொண்டாள். நடேசன் வந்தார்.

"உங்களவங்களுக்குத் தட்டிக்கு அந்தாண்ட, தரையில. எழுந்து போ."

"பெஞ்சுக்குத்தான் டிக்கெட்டு வாங்கினேன் ஐயா."

"வாங்கினா இன்னா? அவங்கல்லாம் மூஞ்சிய சுளிக்கறாங்க பாரு."

முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த மணவாளன் திரும்பிப் பார்த்தார். பிறகு திரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காசம்மாளுக்கு அழுகை வரவில்லை. அருவருப்புதான் வந்தது. எப்போதும் போடும் 'ஐயா'வைப் போடாமல் நடேசனிடம் சொன்னாள்.

"இந்த பெஞ்சுக்கு அடியில அழுகிக் கெடந்தத வாரினேனே, அப்ப யாரும் என்ன வெளிய போன்னு சொல்லல."

தட்டிக்கு அப்பாலும் அவள் போகவில்லை. வெளியே வந்து வேலியோரம் காறித் துப்பிவிட்டு நடந்தாள்.

மறுநாள், தினமும் பெருக்குகிற வேலை தருவதாக நடேசன் ஆள் அனுப்பினார். முடியாதென்று சொல்லிவிட்டாள். திருபுவனையிலிருந்து வேறொருத்தி வந்தாள். கொட்டகை நன்றாகவே ஓடியது. அய்யனார்கூடத் தரை டிக்கெட்டில் போய்ப் பார்த்துவிட்டு வருவான். காலைக் கழுவாமல் அவனை வீட்டுக்குள் விடமாட்டாள் காசம்மாள்.

அறுபத்திரண்டாம் வருடம் தட்டியைப் பிரித்துவிட்டார்கள். இனி எங்கே வேண்டுமானாலும் உட்காரலாமாம், வா என்று அய்யனார் கூப்பிட்டான்.

"எனக்கு அந்த வாசல்ல காலு வெக்கவே அருவருப்பா இருக்குது. நீ போ," என்றாள். அன்றைக்குப் பாகூரில் நடவு வேலை இருந்தது. கூலிப் பெண்களோடு அதற்குக் கிளம்பிப் போனாள்.