சுற்றுவது காலா, காதா?

போன வாரம் சென்னையில் ஒரு பாலே நடனம் பார்க்கப் போயிருந்தேன். ஒரு பெண் கால் விரல் நுனியில் நின்று பம்பரமாகச் சுற்றுகிறாள்... திடீரென்று ஸ்பீக்கர் மக்கர். இசை விட்டு விட்டு வருகிறது. அவ்வளவுதான் — அவள் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

"சுத்தறது காலா, காதா?" என்று சிரித்தார் என் கணவர்.

எனக்குப் பதில் தெரியும். கள்ளக்குறிச்சியில் கற்றது.

எண்பத்தேழு, இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம். நான் வடக்கனந்தலில் ப்ளஸ் ஒன். கள்ளக்குறிச்சியில் பள்ளிகளுக்கான நடனப் போட்டி. என் ஆட்டத்தின் முடிவில் ஒரே காலில் ஒன்பது சுற்று. முந்தைய வருடம் அதே மேடையில் நாலாவது சுற்றிலேயே விழுந்தேன். சபையே சிரித்தது. இந்த முறை ஒன்பதையும் முடிக்காமல் இறங்குவதில்லை என்று தினமும் விடியலில் நெற்களத்தில் சுற்றிப் பழகினேன்.

போட்டியன்று காலை பஸ் இல்லை. போராட்டக்காரர்கள் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். போட்டி நடக்குமா என்று கேட்க யாரிடம் ஃபோன் இருந்தது?

"நடந்தே போயிடலாம் வாடி" என்றாள் மல்லிகா. என் பெஞ்சுத் தோழி, களத்தில் தினமும் கூட இருந்தவள். அவள் மாமா வீட்டு டேப் ரெக்கார்டர் அவள் தலையில்!

பாதி வழியில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. மறியல்காரர்கள் நிறுத்தினார்கள்.

"இன்னாம்மா பொட்டியில?"

"டேப்புங்க. டான்ஸ் போட்டிக்குப் போறோம்."

"காலையிலேர்ந்து சும்மா குந்திக்கினு கீறோம். ஒரு பாட்டு போடு, கேட்டுட்டு வுட்டுர்றோம்."

ஒரு பாட்டு பத்துப் பாட்டானது. பிறகு அவர்களே கைகொடுத்து, மரத்தைத் தாண்டவிட்டார்கள். நல்ல மனுஷங்கதான். ஆனால் பேட்டரி?

அரங்கில் கரன்ட் இல்லை. பேட்டரியில்தான் பாட்டு. முக்கால்வாசி சமாளித்தது. நான் சுற்ற ஆரம்பித்ததும் பாடகியின் குரல் எருமை கத்துவதுபோல இழுத்தது.

சைக்கிளை ரொம்ப மெதுவாக ஓட்டிப் பாருங்கள்... ஆடும் இல்லையா? சுற்றும் அப்படித்தான். ஒவ்வொரு தாளத்துக்கும் மறு கால் ஓர் உந்து கொடுக்கும். தலை வெட்டித் திரும்பும். தாளம் தாமதித்தால் உந்து தாமதிக்கும், வேகம் சாகும், உடம்பு சாயும். மூன்றாவது சுற்றில் எதிரே இருந்த ஜன்னலே கோணலாகத் தெரிந்தது. இந்த வருடமும் விழப்போகிறேன்!

டக்கென்று பாட்டு நின்றது. மல்லிகா அணைத்துவிட்டாள். மேஜையில் இரண்டு கையாலும் அடிக்க ஆரம்பித்தாள் — எங்கள் களத்து வேகத்தில்.

"சுத்துடி! நான் கீறேன், சுத்து!"

பல்லைக் கடித்துக்கொண்டு உந்தினேன். நான்கு... ஐந்து... அவள் அடி விழும் இடத்தில் என் கால் விழுந்தது. ஒன்பது! நின்றேன். அரங்கத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"நல்லா ஆடுனேம்மா. ஆனா பாட்டோட ஆடணும்ன்றதுதான் ரூல்" என்றார் நடுவர். பரிசு வேறொரு பள்ளிக்குப் போனது.

வெளியே வந்து அழுதேன்.

"ஒம்போதும் முடிச்சியா இல்லியா?" என்றாள் மல்லிகா. "அப்பறம் இன்னாத்துக்கு அழுவுற? வா, பசிக்குது."

அடுத்த வருடமும் பெயர் கொடுத்தேன். டீச்சர் படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார்:

"இசைன்னு ஒரு எடம் இருக்கு. இன்னா எழுதறது?"

"மல்லிகான்னு எழுதிக்குங்க டீச்சர்."