தரையில் இருந்த ராசாத்தி அக்கா

எங்கள் வெள்ளவத்தை வீட்டில் ஒன்பது வருடம் வேலை செய்த ராசாத்தி அக்கா, தரையில் இருந்துதான் டீவி பார்ப்பார்.

அன்று ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படம் ஓடியது. அதில் ஒரு பிரபு மேடையில் இருக்க, குடியானவர்கள் மண்ணில் மண்டியிட்டிருந்தார்கள்.

“ஏனம்மா அவையள் மேல இருக்கேல்ல?” என்று கேட்டாள் மகள்.

“அந்தக் காலத்து ஜப்பானில பிறப்பைப் பார்த்துத்தான் இடம். கொடுமை, என்ன?” சரித்திரம் தெரிந்த பெருமை எனக்கு.

மகள் சோபாவில் என் பக்கத்திலிருந்து இறங்கி அக்காவின் பக்கத்தில் இருந்தாள். அக்கா பதறினார்.

“மேல போங்க பாப்பா, அம்மா ஏசுவாங்க.”

‘நீங்களும் மேல வாங்கோ’ என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஹட்டனில் உள்ள தன் வீட்டுக்குப் போன அக்கா, மாரடைப்பில் இறந்துபோனார்.

செத்தவீட்டில் எல்லாரும் தரையில் இருந்தார்கள். அவருடைய கணவர் அந்த வீட்டின் ஒரே கதிரையைத் துடைத்து எனக்குப் போட்டார்.

நான் அதிலும் ஏறி இருந்தேன்.