சளி மாத்திரையும் சாலை மறியலும்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம் அது. மனைவி இறந்தபின் வெள்ளிமலையில் தனியாக இருந்த பள்ளி ஆசிரியன் நான். கொஞ்ச நாளாகச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று ஜலதோஷத்துக்குக் கடையில் கேட்டு ஒரு மாத்திரை விழுங்கிவிட்டுக் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினேன்.

மலை இறங்கியதும் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டு மறியல். ஒதுங்கப் போனேன், ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசி சீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

“இன்னா சார், மொகமெல்லாம் வேர்த்துக்கினு இருக்குதே?” என்று கண்டக்டர் கேட்டதும்தான் வாயைத் திறந்தேன். மறியல் செய்தவர்களில் ஒருவரே என்னைக் கைத்தாங்கலாக மரங்களைத் தாண்டவைத்து, சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

குழாய் விட்டுச் சிறுநீரை எடுத்த டாக்டர், “புத்துநோய் இல்ல. பிராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திர வழிய நெருக்குது. அந்தச் சளி மாத்திரைதான் வழிய இன்னும் இறுக்கி அடைச்சிடுச்சி” என்றார். நோயை எதிர்க்கும் செல்கள் அங்கே வந்து கூடி, கலையாமல் நிற்பதும் வீக்கத்தை வளர்க்கலாம் என்று பல வருடம் கழித்து இன்னொரு டாக்டர் சொன்னார்.

இப்போது எந்த மாத்திரை வாங்கினாலும், பக்கத்தில் யார் நின்றாலும், கடைக்காரரிடம் என் பிராஸ்டேட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சொல்ல ஆள் இல்லை.