நான் வேண்டாம் என்றதாகச் சொன்ன ஆபரேஷன்

எண்பதுகளின் நடுவில், டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். பெரிய வீரமெல்லாம் இல்லை. அதியமான்கோட்டை ஸ்டாப்பில் பஸ் நிற்பதற்குள் இறங்கி, கையை ஊன்றி விழுந்தேன். ஹையர் தேறினால் தர்மபுரியில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை என்று பேச்சு. அந்த வேலையைத் தவிர வேறு எதையும் அப்போது நான் நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், அண்ணனையும் அம்மாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் வெளியே பெஞ்சில் வலியோடு காத்திருந்தேன்.

“மாவுக்கட்டே போதும்னுட்டாரு. ஆறு வாரத்துல கை பழையபடி ஆயிடுமாம்” என்றான் அண்ணன்.

நான் அம்மாவைப் பார்த்தேன். “ஆமாங் கண்ணு” என்றாள். அண்ணன் மட்டும் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். அம்மா சொன்னதால் நம்பிவிட்டேன்.

ஆறு வாரமும் சமர்த்தாக இருந்தேன். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களால் பலகையில் தட்டித் தட்டிப் பழகினேன். என்னைப் போல் ஒரு அசடு அந்த ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டாள்.

கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு கோணலாகப் புடைத்திருந்தது. உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னார் டாக்டர். பாதிக்கு மேல் திரும்பவில்லை.

“எலும்பு மூட்டுக்குள்ள நொறுங்கியிருக்கு, கட்டுல நிக்காது, ஆபரேஷன் பண்ணிக் கம்பி வெக்கணும்னு அன்னைக்கே சொன்னேனேம்மா. நீதான் பயந்துக்கிட்டு வேணாம்னு அழுதியாம்?”

“நானா?”

அண்ணன் எக்ஸ்ரேயைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தாள்.

பஸ் ஸ்டாண்டில் விடாமல் கேட்டதும் அண்ணன் வாயைத் திறந்தான். “தை மாசம் பொண்ணு பாக்க வர்றாங்க. கையில தையல் தழும்பைப் பாத்தா என்ன ஏதுன்னு கேக்க மாட்டாங்களா? கட்டுன்னா பிரிச்சதும் தெரியாது.”

என் கையை, என்னைக் கேட்காமல், யாரோ பார்ப்பதற்காக முடிவு செய்திருக்கிறார்கள். அதிலும் பழியை என் தலையில் போட்டு! ஆத்திரத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

பரீட்சையில் பாதிப் பக்கம் அடிப்பதற்குள் வலி தாங்காமல் எழுந்து வந்தேன். வக்கீல் ஆபீஸ் வேலைக்கு வேறொருத்தி போனாள்.

தையில் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பூ கொடுத்தார். வலது கையை நீட்டினேன். உள்ளங்கை திரும்பாமல் பூ நழுவித் தரையில் விழுந்தது.

“கைக்கு என்னம்மா?”

“சின்ன சுளுக்குங்க” என்று அண்ணன் முந்திக்கொண்டான்.

“ஒடஞ்சதுங்க” என்றேன் நான். “டாக்டரு ஆபரேஷன் பண்ணச் சொன்னாருங்க. தழும்பு உங்க கண்ணுல படக் கூடாதுன்னு இவங்க வேணாம்னுட்டாங்க.”

அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

“பெத்தவளையே காட்டிக் குடுத்துட்டியேடி” என்று அம்மா அழுதாள். அழுதுகொண்டே எனக்குச் சோறு போட்டாள். அதுவரை வலது கையால் எப்படியோ குனிந்து குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நான், அன்றைக்கு அவள் கண் முன்னாலேயே இடது கையால் பிசைந்து சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.