நைதரசனுக்கு அஞ்சு பிணைப்பு

மாத்தளை டவுன்ல எங்களுக்கு ஏ லெவல் கெமிஸ்ட்ரி கிளாஸ் எடுத்த சேர் மாதிரி இன்னொரு ஆளை இந்த ஜென்மத்துல நான் பார்க்கவே கூடாது. தகரம் போட்ட ஹோல், நூறு பிள்ளைங்க, சேர் அச்சடிச்சுக் குடுக்கிற பாடக்குறிப்பு ஆளுக்கொண்ணு, அதுக்குப் பேரு டியூட். அந்த டியூட் அட்டையில பாடத்தோட பேரு சின்னதா இருக்கும், அவரோட போட்டோ பெருசா இருக்கும். கையில எந்நேரமும் மைக்கு. அந்த வாய்க்கு எதுக்கு மைக்கு?

நான் எல்கடுவ தோட்டத்திலிருந்து சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடிச்சுப் போவேன். அம்மா கொழுந்து எடுக்கிறவங்க. கெமிஸ்ட்ரிக்கு ஒரு பி வந்தா யுனிவர்சிட்டி, இல்லாட்டி நானும் கூடையைத் தூக்க வேண்டியதுதான். எங்க வீட்டுல அதுக்கு மேல யோசிக்க ஒண்ணும் இல்ல.

அன்னிக்கு லூயிஸ் கட்டமைப்பு, அணுக்களோட பிணைப்பைக் கோடு கோடாக் கீறுற பாடம். பொசுபரசும் மூணு ஒட்சிசனும் உள்ள அயனை சேர் போர்டுல கீறினாரு. நடுவுல P, ரெண்டு ஒட்சிசனுக்கு இரட்டைக் கோடு, ஒண்ணுக்கு ஒத்தைக் கோடு. பொசுபரசுக்கு அஞ்சு பிணைப்பு. அது சரி, பெரிய அணு, தாங்கும். அப்புறம் அந்த P-ஐ மட்டும் விரலால அழிச்சுட்டு N எழுதினாரு.

"இதுதான் நைத்திரேற்று. ஆவர்த்தன அட்டவணையில ரெண்டும் ஒரே கூட்டம், அதனால ஒரே படம். வேலை முடிஞ்சுது."

நான் எண்ணிப் பார்த்தேன். கோட்டுக்கு ரெண்டுன்னு நைதரசனைச் சுத்தி பத்து இலத்திரன். அது எட்டுக்கு மேல எடுக்கவே எடுக்காது. எழும்பி, "சேர், ஒரு இரட்டைக் கோடுதான் வரணும். மத்த ரெண்டும் ஒத்தை. நைதரசன்ல நேரேற்றம் போடணும்"னு சொன்னேன்.

"வலுவளவு இலத்திரன் மொத்தம் எத்தனை?"

"இருபத்தி நாலு, சேர்."

"என் படத்துல?"

எண்ணினேன். அதுலயும் இருபத்தி நாலுதான்.

"பிறகென்ன? இது கொழுந்து நிறுக்கிற மடுவம் இல்ல தங்கச்சி, நிறுவையில குறை பிடிக்க. உட்காருங்க."

ஹோலே சிரிச்சுது. மொத்தம் சரியா வந்தா போதுமாம், யாரு தலையில எவ்வளவு ஏத்தியிருக்குன்னு பார்க்கத் தேவையில்லையாம். குறைகுடம் கூத்தாடும்னு சும்மாவா சொன்னாங்க. இந்தக் குடத்துக்கு மைக்கு வேற.

ஏ லெவல் சோதனை வந்துச்சு. எங்க செட்டுல எல்லாரும் டியூட்டைத்தான் கோவில்ல வச்சுக் கும்பிடுவாங்க, பாடப்புத்தகத்தை எவரும் சீண்ட மாட்டாங்க. அம்மாவும் என் டியூட்டைக் கொண்டுபோய் பூசை பண்ணி, அட்டையில இருந்த சேரோட நெத்தியில குங்குமப் பொட்டு வச்சுக் கொண்டு வந்தாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவங்களுக்கு என்ன தெரியும், பாவம்.

பேப்பர்ல நைத்திரேற்று வந்துச்சு. ஏற்றம், பிணைப்பு நீளம்னு கீழே கேட்டதெல்லாம் அந்த ஒரு படத்தை நம்பித்தான். முதல்ல சரியானதைத்தான் கீறினேன். கீறி முடிச்சதும் அந்தச் சிரிப்பு காதுல கேட்டுச்சு. நூறு பேரு ஒரு மாதிரி எழுதுறப்ப நான் மட்டும் என்ன பெரிய இவளா? என் படத்தை வெட்டிட்டு சேரோட படத்தைக் கீறினேன். சீ!

சி தான் வந்துச்சு. அடுத்த வருஷம் செகண்ட் ஷைக்கு, ரெண்டாந்தரம் சோதனை எழுத, அதே ஹோல்ல போய் உட்கார்ந்தேன். தமிழ்ல கெமிஸ்ட்ரி படிக்க எங்க பக்கம் வேற கிளாஸ் இல்ல. சேர் நைத்திரேற்றைக் கீறினாரு: ஒரு இரட்டை, ரெண்டு ஒத்தை, நைதரசன்ல நேரேற்றம். எங்கேயோ விடையைப் பார்த்திருக்காரு. முகத்துல வெக்கம்னு ஒரு துளி இல்ல.

"போன வருஷம் சில மாடுங்க நைதரசனுக்கு அஞ்சு பிணைப்பு போட்டிருக்குதுங்க. மண்டைக்குள்ள என்னத்தை வச்சிருந்துச்சுங்களோ!"

ஹோலே சிரிச்சுது. பழைய டியூட் என் பையிலதான் இருந்துச்சு, அம்மா வச்ச பொட்டோட. எடுத்து, அவரே அஞ்சு பிணைப்பு போட்டிருந்த பக்கத்தை விரிச்சு அவரு முன்னாடி போட்டிருக்கலாம்.

நானும் சேர்ந்து சிரிச்சேன்.