ஒரியெல்லாவின் வெள்ளைக்கோடு

ஒரியெல்லாவுக்கு வாரத்தில் ஐந்து நாள் டைல்ஸ் தொழிற்சாலையில் வேலை. வரிசையாக ஓடிவரும் டைல்ஸில் கீறல் விழுந்ததைப் பொறுக்கி எடுக்க வேண்டும். கார்ப் பந்தயம் நடக்கும் ஞாயிறுகளில் எங்கள் ஊர் ஓடுபாதையின் ஏழாவது வளைவில் நிற்பாள். எந்தக் காரின் நான்கு சக்கரமும் பாதையோர வெள்ளைக்கோட்டைத் தாண்டுகிறதோ, அதன் எண்ணை வாக்கி டாக்கியில் சொல்வாள். சம்பளம் கிடையாது, ஒரு தொப்பி, மத்தியானம் ஒரு பியாதீனா ரொட்டி. இப்படி இருபத்திரண்டு வருஷம். பக்கத்தில், விபத்தென்றால் ஆட்டுகிற மஞ்சள் கொடியோடு நிற்கிற நேரியோ நான்தான். ஐம்பத்தெட்டு வயதில், பார்த்துப் பார்த்தே அவளுக்குக் கண் பூத்துப் போயிருந்தது. "கண்ணை மூடினாலும் கோடு ஓடுது நேரியோ," என்பாள்.

அக்டோபரில் அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம். எங்கள் தெருப் பையன் டெனிஸ் முதலில் வந்தான். ஜெயித்தால் பட்டம், பட்டம் இருந்தால்தான் அடுத்த வருஷம் ஓர் அணி அவனுக்குக் கார் தரும். ஊரே துள்ளிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. டெனிஸ் நான்காவது முறையாகக் கோட்டைத் தாண்டிவிட்டான், ஐந்து வினாடி அபராதம். மூன்று முறை வரை எச்சரிக்கை, நான்காவதற்குத் தண்டனை, அதுதான் விதி. அவன் ஜெயித்ததோ இரண்டே வினாடி வித்தியாசத்தில். பட்டம் பின்னால் வந்தவனுக்குப் போனது. அந்த நான்காவதைச் சொன்னவள் ஒரியெல்லா.

மறுநாள் சாயங்காலம் காபிக்கடையில் உட்கார முடியவில்லை.

"ஒருத்தனை இடிச்சு மண்ணுல தள்ளினாலும் அஞ்சு செகண்டு, சக்கரம் ரெண்டு விரக்கடை வெளிய போனாலும் அஞ்சு செகண்டா? எந்த ஊரு நியாயம்யா இது?" என்று கத்தினார் கடைக்காரர் ஜில்தோ.

"கோடுன்னா கோடுதான்," என்றேன்.

"நீ கொடியை ஆட்டிட்டுப் போ. பெரிசா பேச வந்துட்டான்!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்போதுதான் டெனிஸின் அப்பா வால்தெர் உள்ளே வந்தார். லாரிப் பட்டறை வைத்திருப்பவர். நேராக ஒரியெல்லாவிடம் போனார்.

"அப்பீல் போட்டிருக்கேன். வியாழக்கிழமை விசாரணை. கேமராவுல வெயில் அடிச்சு ஒண்ணும் தெரியல, உன் வார்த்தைதான் எல்லாம். சந்தேகமா இருக்குன்னு மட்டும் சொல்லு. சந்தேகம்னாலே பையனுக்குச் சாதகம்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் என்ன பொய்? வயசாச்சு, களைப்பா இருந்துச்சுன்னு சொல்லு. புள்ளை வாழ்க்கை, ஒரியெல்லா."

"களைப்புதான் வால்தெர். ரொம்பக் களைப்பு," என்று எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலையில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு சக்கரமும் தாண்டியதா என்று கேட்டார்கள். "தாண்டுச்சு," என்றாள். சந்தேகம் உண்டா? "இல்ல." பத்தே நிமிஷம். அப்பீல் தள்ளுபடி. வால்தெர் தலையில் கை வைத்துக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

வெளியே படிக்கட்டில் டெனிஸ் வந்து நின்றான். திட்டப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"அத்தை, நான் வெளிய போனது எனக்கே தெரியும். ஸ்டீரிங் உதறுச்சு. அதைக் கேக்க வரல. என் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்தானே, அவனுக்கும் மூணு எச்சரிக்கை இருந்துச்சு. அந்தச் சுத்துல அவன் உள்ளதான் இருந்தானா?"

ஒரியெல்லா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெரியலப்பா."

"தெரியலன்னா?"

"அவனை நான் பாக்கவே இல்ல. கடைசி பத்துச் சுத்தும் உன்னைத்தான் பாத்தேன். நம்ம தெருப் பையன்னு கண்டுக்காம விட்டுட்டாள்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு பயம். இருக்கிறது ரெண்டு கண்ணு, அதுவும் ஓய்ஞ்ச கண்ணு. ரெண்டையும் உன் மேலயே வெச்சுட்டேன்."

ஞாயிறு காலையில், "டெனிஸை விட்டுட்டேன்னு பேர் வாங்கிடாத, ஊரு நாறடிச்சிடும்," என்று அவள் காதில் ஓதியவன் நான்தான்.

"அப்போ அந்தக் கோடு எனக்கு மட்டும்தானா அத்தை?" என்றான் டெனிஸ். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அவள் கைப்பிடியைப் பிடித்து எழுந்து, திரும்ப உள்ளே போனாள். அதிகாரிகளிடம் அதையும் அப்படியே சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. பார்க்காததை வைத்துத் தீர்ப்பை மாற்ற முடியாதாம். ஆனால் பார்க்காதவளைக் கோடு பார்ப்பவர்கள் பட்டியலிலிருந்து எடுக்க முடிந்தது. டெனிஸுக்கு எந்த அணியும் கார் தரவில்லை. அப்பாவின் பட்டறையில் லாரிச் சக்கரம் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மார்ச்சில் பந்தயம் தொடங்கியபோது, அதே வளைவில் கொடியோடு நின்றேன்.